64 நாட்கள்: மலாயா கணபதியும் திருத்த முடியாத தீர்ப்பும்

சென்ற ஆண்டு எங்கள் பேரவை நடத்திய சொற்போரில், மரண தண்டனை தேவை என்ற அணியில் நான் பேசினேன். எங்கள் அணி வெற்றி பெற்றது. சிறந்த பேச்சாளருக்கான கிண்ணமும் எனக்கே கிடைத்தது. குற்றவாளிக்கு இரங்குவது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் துரோகம் என்று நான் முழங்கியபோது மண்டபத்தில் எழுந்த கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. அந்த வாரக் கடைசியில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ரவாங்கில் இருக்கும் தாத்தாவைப் பார்க்கப் போனேன்.

தாத்தா கிண்ணத்தை வாங்கி, அதில் பொறித்திருந்த எழுத்துகளை மெதுவாகப் படித்தார். எந்தத் தலைப்பில் பேசினாய் என்று கேட்டார். சொன்னேன். கணபதியைத் தூக்கில் போட்ட காலத்தில் நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் பேசியிருப்பாய் ஐயா என்று அடுத்ததாகக் கேட்டார். எந்தக் கணபதி தாத்தா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் பேசினார். 1949இல் அவருக்கு எட்டு வயது. ரவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் குடியிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று, வெட்டு முடிந்து வந்த அவருடைய அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டாராம். பிள்ளைகள் யாரும் கணபதி என்ற பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் எச்சரித்தார்களாம். தாத்தாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன் நான். எஸ்.பி.எம். தேர்வுக்காக அவசரகாலத்தின் காரணங்களையும் விளைவுகளையும் மனனம் செய்து எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவன். என் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. அந்த வெட்கத்தில்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

தம்பிக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு

எஸ். ஏ. கணபதி தஞ்சைச் சீமையில் பட்டுக்கோட்டையை அடுத்த தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்து, அங்கேயே படித்து வளர்ந்தார். அக்காலத்தில் தமிழகத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். கணபதியோ துறைமுக நகரத்தில் வளர்ந்த பிள்ளை.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். கணபதியும் சேர்ந்தார், பயிற்சி அளிப்பவராகப் பணியாற்றினார். அதுவரை துரைக்கும் கிராணிக்கும் தலைகுனிந்தே பழகிய ஒரு சமூகம், நெஞ்சை நிமிர்த்தி நடக்கக் கற்றுக்கொண்ட காலம் அது. அதே ஆண்டுகளில்தான் நம்மவர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கும் கொண்டுபோகப்பட்டு, காட்டில் மடிந்தார்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ராணுவம் கலைந்தது. பிரிட்டிஷார் மீண்டும் வந்தார்கள். கையிலிருந்த ஜப்பானிய நோட்டுகள் ஒரே நாளில் வெற்றுக் காகிதமாயின. அரிசிக்குத் தட்டுப்பாடு, துணிக்குத் தட்டுப்பாடு. ஆனால் போருக்கு முன்பு கொடுத்த கூலிக்கே தொழிலாளி திரும்பி வருவான் என்று முதலாளிகள் எதிர்பார்த்தார்கள். தொழிலாளியோ போருக்கு முந்திய தொழிலாளியாக இல்லை.

ஒரு தமிழரின் தலைமை

1946இல் மலாயா முழுமைக்குமான பொதுத் தொழிலாளர் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டு அது அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் என்று பெயர் மாறியது. 1947இல் அதன் தலைவர் பொறுப்பு கணபதிக்கு வந்தது. உச்சத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்தக் குடையின் கீழ் இருந்தார்கள். சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் கலந்த அந்த மாபெரும் அமைப்புக்கு ஒரு தமிழர் தலைவராக இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? முன்னணி என்ற தமிழ் ஏட்டுக்கும் அவர் ஆசிரியராக இருந்தார்.

அன்று ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலியும் தமிழ்த் தொழிலாளிக்கு அதைவிடக் குறைந்த கூலியும் கொடுக்கப்பட்டன. ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே வெயில்; கூலி மட்டும் வேறு. சம வேலைக்குச் சம கூலியும் எட்டு மணி நேர வேலையும் சம்மேளனம் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானவை. இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் இவற்றைக் கேட்டதற்காக வேலை இழந்தவர்கள் உண்டு. லயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு.

மற்றொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சம்மேளனத்தின் பின்னால் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. கணபதியும் அக்கட்சியைச் சேர்ந்தவர். அவரைப் புனிதராக வரைந்து காட்டுவது என் நோக்கமன்று. அவர் கொள்கையை ஏற்றவர்களும் உண்டு. கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. எதிர்த்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

1948ஆம் ஆண்டு நிலைமை முற்றியது. தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. சங்கப் பொறுப்பில் இருப்பவர் அதே தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், பல தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணையக்கூடாது என்ற விதிகள் வந்தன. ஜூன் மாதத்தில் சம்மேளனம் சட்டப்படி இல்லாமல் போனது. அதே ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் யாரோ ஒருவருக்குப் பிள்ளைகள்தாம். அடுத்த சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அமலுக்கு வந்தது. தொழிற்சங்கத்தினர் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். கணபதி தலைமறைவானார்.

அவசரகாலச் சட்டவிதிகளில் ஒன்று, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்றது. அவர் அதனால் யாரையாவது சுட்டாரா, சுட நினைத்தாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. குற்றம் உறுதியானால் நீதிபதி வேறு தண்டனை கொடுக்கவும் முடியாது.

மார்ச் 1 முதல் மே 4 வரை

1949 மார்ச் 1ஆம் நாள், ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துக்கு அருகில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அந்தத் துப்பாக்கியைக் கண்டெடுத்துக் காவல்துறையிடம் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு வாதம். மார்ச் 15ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. கைதான நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையே இரண்டே வாரம்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. சிலாங்கூர் சுல்தானிடம் சென்ற கருணை மனுவும் ஏற்கப்படவில்லை. இந்திய அரசு, மலாயாவில் தன் பிரதிநிதியாக இருந்த ஜான் திவி வழியாகவும், லண்டனில் இருந்த தூதர் வி. கே. கிருஷ்ண மேனன் வழியாகவும் அவர் உயிருக்காக முறையிட்டது. பலனில்லை. மே 3ஆம் நாள், சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவராக இருந்த வீரசேனன் ஜெலுபு வட்டாரத்தில் ராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், மே 4 புதன்கிழமை, கணபதி புடு சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்டார்.

கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் 64 நாட்கள். நாம் ஒரு தவணைப் பாடத்தை முடிப்பதற்குள் ஒரு மனிதரின் கைது, விசாரணை, மேல்முறையீடு, கருணை மனு, மரணம் எல்லாம் முடிந்துவிட்டன. தமிழகத்தில் இச்செய்தி பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அப்போது இளைஞராக இருந்த மு. கருணாநிதி, கயிற்றில் தொங்கிய கணபதி என்ற தலைப்பில் ஒரு சிறு நூலே எழுதினார்.

கணபதி குற்றமற்றவர் என்று நான் தீர்ப்பெழுத வரவில்லை. துப்பாக்கியைக் கண்டெடுத்ததாக அவர் தரப்பு சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். உயிர் பிழைக்கச் சொன்னதாகவும் இருக்கலாம். என் மனத்தை அரிப்பது வேறு. ஒருவர் கையில் ஒரு பொருள் இருந்தது என்பது ஒன்று. அது ஏன் அவர் கையில் இருந்தது என்பது வேறொன்று. முதல் கேள்வியைச் சில நாட்களில் முடித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் காண நாளாகும். சில நேரங்களில் ஆண்டுகளாகும். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதனால் அவனைக் கள்வன் என்றார்கள். அது ஏன் அவன் கையில் இருந்தது என்று கேட்க ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். பாண்டியன் பொறுக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த நம் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. மேடையில் நான் பேசியபோது என் நினைவுக்கு வரவில்லை.

சாம்பசிவத்துக்குக் கிடைத்த காலம்

கணபதியின் கதையைப் படித்தபோது அதனுடன் சேர்ந்தே இன்னொரு தமிழரின் பெயர் வந்தது. சாம்பசிவம். அவர் 1948இல் ஜொகூரில் பிடிபட்டார். அவர்மீதும் அதே சட்டவிதிதான் பாய்ந்தது. துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றச்சாட்டு. தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று.

அன்றைய முறைப்படி நீதிபதியுடன் இரண்டு அசெசர்கள் அமர்ந்து வழக்கைக் கேட்டுத் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். முதல் விசாரணையில் தோட்டாக்கள் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து சாம்பசிவம் விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் அசெசர்களின் கருத்தை நீதிபதி ஏற்கவில்லை; மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். மறுவிசாரணையில், துப்பாக்கியும் தோட்டாக்களும் தன்னிடம் இருந்ததாக அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலம் சாட்சியமாக வைக்கப்பட்டது. அதில் பாதிக் குற்றத்திலிருந்து அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பது புதிய அசெசர்களுக்குச் சொல்லப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மலாயாவின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கணபதியின் வழக்கு இந்த இடத்தில் முடிந்துபோனது. சாம்பசிவத்தின் வழக்கு முடியவில்லை. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1950இல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானவரை அக்குற்றம் செய்யாதவராகவே எல்லா இடத்திலும் கருத வேண்டும், அதை மறைத்துப் பெற்ற தீர்ப்பு செல்லாது என்பதே அதன் சாரம். இன்றும் காமன்வெல்த் நாடுகளின் சட்ட மாணவர்கள் இவ்வழக்கைப் படிக்கிறார்கள். தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிய ஒரு தமிழரின் பெயர் சட்டநூல்களில் நிலைத்துவிட்டது.

ஒரே காலம், ஒரே சட்டம், ஒரே தண்டனை. ஒருவருடைய வழக்கில் பிழை இருந்தது என்று கண்டுபிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த ஓராண்டு அவர் உயிரோடு இருந்ததால்தான் பிழை திருத்தப்பட்டது. மற்றவர் வழக்கில் பிழை இருந்ததா இல்லையா? இனி யாரும் நிரூபிக்க முடியாது. 64 நாட்களில் அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அவசரகாலம் என்பதால் அப்படி நடந்தது, அமைதியான நாட்டில் நடக்காது என்று சிலர் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணபதி தூக்கிலிடப்பட்ட பத்தாவது மாதம், 1950 மார்ச் 9ஆம் நாள், லண்டனில் திமோத்தி எவன்ஸ் என்ற இளைஞர் தம் கைக்குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன, அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவர் என்பது 1953இல் தெரியவந்தது. 1966இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மலாயாவுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த நாட்டின் தலைநகரிலேயே இது நடந்தது. அந்நாடு 1965இல் கொலைக்கான தூக்குத் தண்டனையை நிறுத்தியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம்.

நம் காலத்துக் கேள்வி

அவசரகாலம் 1960இல் முடிந்தது. துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாய மரணம் என்ற விதி, அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தொடர்ந்தது. 1977இல் பதினான்கு வயதில் துப்பாக்கியுடன் பிடிபட்ட ஒரு பள்ளி மாணவனுக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிப்பு வாரியத்தால் அது குறைக்கப்பட்டது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 2018இல் மரண தண்டனை நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. 2023 ஜூலை 4ஆம் நாள் கட்டாய மரண தண்டனையை அகற்றும் சட்டம் நடப்புக்கு வந்தது. ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் தண்டனையை மறுஆய்வு செய்யக் கூட்டரசு நீதிமன்றத்தை அணுக வழி பிறந்தது. மரண தண்டனையையே அச்சட்டம் அகற்றிவிடவில்லை. முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையிலான சிறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நீதிபதிக்குக் கொடுத்தது. கணபதியின் நீதிபதிக்கு இல்லாத உரிமை அது.

நண்பர்களே, இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்த ஒருவன் இன்று சிறையில் விசாரணைக்காகக் காத்திருக்கிறான். உறவினரின் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனபோது, இருக்கைக்கு அடியில் இருந்த பையில் போதைப்பொருள் இருந்ததாம். பை தன்னுடையது அல்ல என்கிறான். போதைப்பொருள் சட்டத்தின்படி, பொருள் யார் பொறுப்பில் இருந்ததோ அவருக்கு அதைப் பற்றித் தெரியும் என்றே முதலில் கொள்ளப்படும். தெரியாது என்பதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். அவன் சொல்வது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆறாம் ஆண்டில் என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டு, நான் கேட்டதும் சிரித்தபடி ஒப்புக்கொண்டவன் என்பது மட்டும் தெரியும். சொற்போர் மேடையில் ஏறும்போதே அவன் கைதான செய்தி எனக்குத் தெரியும். அவனைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் என் அணி தோற்றிருக்கும்.

பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீரை நான் இன்றும் மறுக்கவில்லை. கொலையுண்டவரின் தாய் நீதி கேட்கும்போது, அவரிடம் போய்ச் சட்ட நுணுக்கம் பேச எனக்கு வாய் வராது. போதைப்பொருளால் சீரழிந்த குடும்பங்கள் என் குடியிருப்பிலேயே உண்டு. குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் மேடையில் குற்றவாளி என்ற சொல்லை நாற்பது தடவையாவது சொன்ன நான், அவர்தான் குற்றவாளி என்று எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தவறான ஆளைத் தூக்கிலிட்டால் அந்தத் தாய்க்கும் நீதி கிடைப்பதில்லை. உண்மையான கொலைகாரன் வெளியே நடமாடுவான், கிறிஸ்டி நடமாடியதைப் போல. சிறையில் இருப்பவரைத் திறந்துவிடலாம். இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடாவது கொடுக்கலாம். புதைகுழியில் இருப்பவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி என்ன பயன்?

சென்ற மாதம் ஹங் துவா எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி நடந்தேன். 1895இல் திறக்கப்பட்டு 1996இல் மூடப்பட்ட புடு சிறைச்சாலை இருந்த இடம் அது. சிறைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, இன்று அங்கே பெரிய பேரங்காடி நிற்கிறது. பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம். அதன் முன்னால் இளையோர் சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கணபதியைத் தெரிந்திருக்காது. ஓராண்டுக்கு முன்பு நானும் அவர்களில் ஒருவன்.

மறுபடி ரவாங்குக்குப் போனேன். இம்முறை கிண்ணம் எதுவும் கொண்டுபோகவில்லை. கேள்வி கேட்டீர்களே தாத்தா, பதில் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். எதிர் அணியில் பேசியிருப்பேன் என்று சொன்னேன். தாத்தா சிறிது நேரம் என்னைப் பார்த்தார். நீ பேசியிருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றார். அது உண்மைதான். கணபதியின் வழக்கில் இனி யார் பேசியும் பயனில்லை. என் பள்ளித் தோழனின் வழக்கு இன்னும் முடியவில்லை. அவனைப் போன்றவர்களுக்காகப் பேச இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த சொற்போரில் எனக்கு எந்த அணி கிடைத்தாலும், குற்றவாளி என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை நிறுத்தி யோசிப்பேன். நீங்களும் யோசியுங்கள்.